மாதாவுக்கு அட்வான்ஸ்

அந்த ஊரில் நான் நடக்காத தெரு கிடையாது. ஊருக்குப் போனதுதான் கிடையாது. காலையில் ராயபுரத்தில் ரயில் ஏறினால் எண்ணூர் வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தெருவில் நடக்கிற மாதிரியே காட்டும் படத்துக்குள் விரலை வைத்து, குளிர் நாட்டின் அந்தக் கடலோர ஊரில் இறங்கிவிடுவேன். மர வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மேடேறும் சாலை ஒன்று, அதன் உச்சியில் பல்கலைக்கழகம். ஜன்னலுக்கு வெளியே கொருக்குப்பேட்டை போகும், தண்டையார்பேட்டையின் எண்ணெய்த் தொட்டிகள் போகும், சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி சும்மா நிற்கும். நான் அங்கே ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். யாராவது "எம்மா, கொஞ்சம் நவுந்து நில்லு" என்று தோளில் இடித்தால்தான் திரும்பி வருவேன்.

படங்கள் எல்லாம் ஏதோ ஒரு கோடையில் எடுத்தவை. எனவே என் ஊரில் எப்போதும் மதியம், எப்போதும் வெயில். ஒரு நாய் எந்த நாளும் அதே மூலையில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். அதனிடம் நான் 'என்னடா இன்னும் முடியலையா' என்று மனசுக்குள் கேட்பேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எண்ணூரில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், ஆலைத் தண்ணீர் எல்லாம் குப்பிகளில் வரும். உப்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவேன். படித்தது முதுகலை நிலவியல். ஆசைப்பட்டது வேறு. கடற்கரை மணல் எப்படி நகர்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும், முனைவர் பட்டம் வாங்க வேண்டும். அந்தக் குளிர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை அதையே ஆயுள் வேலையாக வைத்திருந்தார். அவருடைய கட்டுரைகளை நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதை போலப் படித்துவந்தேன்.

விண்ணப்பப் பக்கத்தைத் திறப்பேன். பெயர் அடிப்பேன். பிறந்த தேதி அடிப்பேன். மூடிவிடுவேன். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் வரும், கடைசித் தேதி போகும், நான் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயிலில் என் நாயைப் பார்க்கப் போய்விடுவேன்.

காரணம் கேட்டால் என்னிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. அம்மா தனியாகிவிடுவாள். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். இதைச் சொன்னால் எதிராளி வாயை மூடிக்கொள்வார், 'நல்ல பொண்ணும்மா நீ' என்றுகூடச் சொல்வார். நல்ல பெண்ணாக இருப்பதில் எவ்வளவு சௌகரியம் தெரியுமா! உள்ளே உட்கார்ந்திருந்தது பயம். எழுதிப்போட்டு அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால், அப்புறம் அந்த ஊரில் நான் எந்த முகத்தோடு நடப்பேன்?

அம்மா மீன் விற்கிறவள். விடியும் முன் காசிமேடு துறைமுகத்தில் ஏலம் எடுப்பாள், வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருமுனையில் கடை பரப்பிவிடுவாள். அவளுடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சின்ன பைபர் படகுக்காரர்களுக்கு, அவர்கள் கடலுக்குப் போகும் முன்பே கையில் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவைப்பது. கொடுத்துவிட்டால் அந்தப் படகில் வருகிற மீன் முதலில் நம் கூடைக்கு வர வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்க, அம்மா பேசாமல் கூடையை நீட்டுவாள். அவளைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் இந்த ஒரு விதியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சாயங்காலம் நான் கைப்பேசியோடு கட்டிலில் சுருண்டிருந்தபோது அம்மா வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தெருவே காலியா கீது? பந்தா இன்னிக்கி?"

"இல்லம்மா, அந்த ஊர்ல ஜனங்க கம்மி."

"தோ, ஒரு ஆளு போறான். அவன் மூஞ்சிய ஏன் அழிச்சி வெச்சிக்கிறாங்க?"

"யாருன்னு தெரியக்கூடாதுன்னு அழிச்சிடுவாங்கம்மா."

"திருட்டுப் பையனா?"

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இடம்பண்ணி உட்கார்ந்தாள். சேலையில் இன்னும் நெத்திலி வாசனை. "மீன் கட எங்க கீது, இட்னு போ" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மேட்டுச் சாலையிலிருந்து இறங்கினோம். துறைமுகத்துப் பக்கம் திரும்பி, படகுகளைத் தாண்டி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மீன் கடையைக் கண்டுபிடித்தோம். அம்மா அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தாள். "கதவ சாத்திக்கினு மீன் விக்கிறான் பாரு. ஈ மொய்க்காது. ஷோக்கா கீது" என்றாள். வெளியே எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவள் அந்த ஊரில் இருந்தாள்.

அப்புறம் கேட்டாள், "இந்த ஊரு உனுக்கு எதுக்கு?"

"படிக்கப் போலாமான்னு பாக்கறேன்."

"கெடைக்குமா?"

"அப்ளை பண்ணா கெடைக்கலாம்."

அம்மா "ம்" என்று எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். பேச்சு அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் குண்டு விழுந்தது. எங்கள் மாதா கோயிலில் பூசைக்குக் கருத்துக் கொடுப்பது வழக்கம். இறந்தவர் ஆன்ம இளைப்பாற்றிக்கு, பிள்ளை வரம் வேண்டி, பரீட்சை பாஸானதற்கு நன்றியாக, இப்படி எதற்கு அந்தப் பூசை என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பூசை தொடங்கும் முன் உபதேசியார் ஒலிபெருக்கியில் பெயரோடு வாசிப்பார். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை, அதனால் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கோயிலில் ஒரு குழந்தைகூட அழாது.

நான் பெண்கள் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, முக்காட்டுக்குள் பாதித் தூக்கத்தில் நின்றிருந்தேன். அந்த ஊரின் ரொட்டிக் கடைக்குள் ஒருவழியாக நுழைந்துவிட்டிருந்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று படத்தில் தெரியாது, நானே அடுக்கிவைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ தூரத்தில் உபதேசியார் குரல் வந்தது. "…தன் மகளுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததற்கு மாதாவுக்கு நன்றியாக." எனக்கு வயிறு எரிந்தது. யாரோ கொடுத்துவைத்தவள், அவளுக்கெல்லாம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தேன். முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அம்மா கண்ணை மூடி, கையைக் குவித்து, மாதாவே கீழே இறங்கி வந்து பார்த்தாலும் சந்தேகப்பட முடியாத முகத்தோடு நின்றாள்.

பூசை முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே வந்ததும் கை குலுக்கினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், ஒருத்தி அழவே அழுதாள். எல்லாரையும் தாண்டி அம்மாவைச் சுவரோரம் இழுத்துப்போனேன்.

"என்னம்மா பண்ணிவெச்சிருக்க? நான் இன்னும் அப்ளையே பண்ணல!"

"பண்ணு. யாரு வேணான்னா?"

"கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டாலாவது பரவால்ல. கெடச்சாச்சுன்னு நன்றி சொல்லிருக்க! புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேர் வெப்பாங்களா யாராவது?"

அம்மா என்னை ஒரு கத்துக்குட்டி வியாபாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஏண்டி, போட்டுக்கு அட்வான்ஸ் எப்பக் குடுப்ப? மீனு வந்தப்புறமா, போறதுக்கு முன்னாடியா?"

"மாதாவுக்கே அட்வான்ஸா?"

"பின்ன? எத்தினி பேரு குடு குடுன்னு கேட்டுக்கினு நிக்கிறான். அல்லாருக்கும் அவங்க ஒருத்திதானே பாக்கணும்? முன்னாடியே நன்றி சொன்னவ வூட்டுக்குத்தான் மொதல்ல வருவாங்க."

"கெடைக்கலன்னா? ஊர் முன்னால உன் மானம் போயிடும்மா."

"அது உன் கைல கீது" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. எனக்கு இருந்த ஆத்திரம் அவள் பொய் சொன்னதற்காக இல்லை. என்னுடைய அருமையான பதிலை அவள் ஒரே பூசையில் பிடுங்கிப்போட்டுவிட்டாள். தனியாகிவிடுவாள் என்று யாருக்காக இத்தனை வருஷம் பயந்ததாகச் சொல்லிக்கொண்டேனோ, அவளே போ என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டாள். இனி மிச்சம் இருந்தது என் பயம் மட்டும்தான்.

அடுத்த நாளிலிருந்து தெருவில் நடக்க முடியவில்லை. "எப்ப பிளைட்டு?" என்பதே வணக்கமாகிவிட்டது. ஒரு அக்கா தன் அண்ணன் கப்பலில் போட்டுக்கொண்டிருந்த குரங்குக் குல்லாயைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூலைக் கடை அண்ணாச்சி, தெற்கத்திப் பேச்சு இன்னும் மாறாதவர், பொட்டலம் மடித்தபடியே "அங்க நல்ல புளி கெடைக்காதாம்லா, போறப்போ சொல்லு, கட்டித் தாரேன்" என்றார். பொய்யான ஒரு வாழ்வு எனக்காகத் தெருவில் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் நடப்பது, சொன்னால் வெட்கம், சுகமாகவும் இருந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது, வரிசைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் தொலைவில் வீடுகளாகத் தெரிந்தன. ரயிலில் வரும்போது எனக்குச் சில சமயம் உண்மையிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். குல்லாயைப் பையில் வைத்திருப்பேன். எண்ணூர் வந்து புகைபோக்கிகளைப் பார்த்ததும், அடச்சே, பெயரும் பிறந்த தேதியும்தானே அடித்திருக்கிறோம் என்று நினைவு வரும்.

அம்மா போகிற இடமெல்லாம் "ரெண்டு வருசந்தான், ஓடிப்பூடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முதுகலை படித்தது இரண்டு வருஷம், அதனால் படிப்பு என்றாலே அவளுக்கு இரண்டு வருஷம். முனைவர் படிப்பு அங்கே ஐந்து வருஷம். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், "அம்மா, இது அந்த மாதிரிப் படிப்பு இல்ல, இதுக்கு எவ்வளவு வருஷம்னா…" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "மீனு மொதல்ல கரைக்கு வரட்டும். கடல்ல கெடக்கும்போதே கூறு போடாத." இன்னொரு முறை பேருந்தில் சொல்ல முயன்றேன். அதே பதில். நன்றிக்கு ஒரு சட்டம், கணக்குக்கு ஒரு சட்டம். இந்த வக்கீலம்மாவோடு யார் வாதாடுவது?

சரி, தலைக்கு மேல் வெள்ளம் போயாகிவிட்டது, சாண் என்ன முழம் என்ன என்று விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு ஒன்று, பாதுகாப்புக்கு இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. சிபாரிசுக் கடிதம் கேட்டு என் பழைய கல்லூரிப் பேராசிரியருக்குப் போன் போட்டால், அவர் எடுத்ததுமே வாழ்த்துச் சொன்னார். அவருடைய துறையில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். செய்தி போய்விட்டது. "அதான் இடம் கிடைச்சிடுச்சே, இனிமே எதுக்கும்மா லெட்டர்?" என்றார். நடந்ததை விளக்கினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தூர வைத்திருக்கிறார்.

எது எப்படியோ போகட்டும், நோக்கக் கட்டுரைதான் என் உயிரை வாங்கியது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம், ஏன் நீ என்று இரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லாரும் குழந்தைப் பருவத்திலிருந்தே விஞ்ஞானத்தின் மேல் தீராத தாகத்தோடு இருந்தார்கள். நானும் தாகமாக எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ இரவல் நகை போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அழித்தேன். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் தாகம்.

வழி தெருவில்தான் கிடந்தது. எப்ப பிளைட்டு என்று கேட்கிறவர்கள் அடுத்துக் கேட்பது "இன்னா படிப்பு?" என்று. முதலில் நான் பெரிதாக விளக்கினேன். தெற்கிலிருந்து கடலோடு நகர்ந்துவரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துவிடுகிறது, அலை எங்கள் பக்கம் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம். கேட்டவர்கள் பாதியில் கொட்டாவி விட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல விளக்கம் சுருங்கியது. கடைசியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஒரு அக்காவிடம், குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டே, "நம்ம கரையில இருந்த மண்ணு எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கப் போறேன்க்கா" என்றேன். அவள் கொட்டாவி விடவில்லை. "கண்டுபுட்ச்சா இட்னு வந்துடு. எம் புள்ளைங்க கல்லு மேல குந்திக்கினு வெளையாடுதுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் கல்மேட்டில் போய் உட்கார்ந்தேன். மணல் கரையில் அலை வந்தால் விரிந்து, கொஞ்ச நேரம் நின்று, போகும். கல்லில் அலை அடிக்கத்தான் அடிக்கும், நிற்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த நிற்கிற அலை தெரியாது. நான் என் ஊரைப் பார்க்காமல் வேறொரு ஊரில் நடந்துகொண்டே இருந்ததும் இங்கே நிற்க மணல் இல்லாததால்தானோ என்று ஒரு எண்ணம் வந்தது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த அக்காவிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை முதல் வரியாக ஆங்கிலத்தில் எழுதினேன். மீதி வந்துவிட்டது. கப்பல்களில் விளக்கு ஏற்றும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினேன், மறுநாள் மதியம் ஆய்வகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்பினேன். எலுமிச்சைச் சாதம் அன்றைக்கு அப்படி ருசித்தது.

தை மாசப் பனியில் அந்தப் பேராசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது, காணொளியில் பார்த்துப் பேச வேண்டும் என்று. அவர்களுக்குக் காலை, எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம். மடிக்கணினியை மேஜைமேல் வைத்து, பின்னால் இருந்த துணிக் கொடியை அவிழ்த்து, தெருப் பிள்ளைகளை மிரட்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா படத்தில் விழாத மூலையில் பூண்டு உரித்துக்கொண்டு இருந்தாள். பேராசிரியைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது, அதில் பனி விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வெயிலைத் தவிர வேறொன்றையும் நான் கண்டதில்லை. பேச்சே மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, ஆமாம், இங்கே இப்படித்தான் என்று சிரித்தார். அப்புறம் மணலைப் பற்றிக் கேட்டார், நான் சொன்னேன், அவர் மறுத்தார், நான் விடவில்லை. நடுவில் தெருவில் சாவு மேளம் ஒன்று கடந்துபோனது. அது முடிகிற வரை இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

முடிந்ததும் அம்மா கேட்டாள், "அந்தம்மா இன்னா கேட்டுச்சி?"

"கரையிலேர்ந்து போற மண்ணு கடலுக்குள்ள எங்க தங்குதுன்னு."

"அத்த உன்னாண்ட கேக்குதா? அதுக்கே தெரியாதா?"

"யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா. அதுக்குத்தான் இந்தப் படிப்பே."

"தெரியாதவங்ககிட்ட போயி இன்னாத்தடி படிக்கப் போற?"

ஆராய்ச்சி என்றால் என்ன என்று என்னிடம் இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

பிப்ரவரியில் பாதுகாப்புக்கு வைத்திருந்த பல்கலைக்கழகம் மன்னிக்கவும் என்று எழுதிவிட்டது. பாதுகாப்பே கைவிட்டால் ஆசைப்பட்டது எங்கே கிடைக்கும்? அன்று ரயிலில் நான் கைப்பேசியைத் திறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கிடைக்காததுகூடப் பரவாயில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை இவள் கோயிலில் எப்படிப் போய் நிற்பாள் என்று நினைத்துத்தான் அழுதேன். அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு போட்டு சொம்மா வந்தா கடலே காலின்னு அர்த்தமா? கம்முனு கெட" என்றாள். ஆனால் அந்த வாரம் அவள் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போகவில்லை, தூணோரம் நின்றாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து திரும்பும்போது, கத்திவாக்கத்தில் ரயில் நின்றிருந்த நேரத்தில் கைப்பேசியில் கடிதம் வந்தது. படித்தேன். இடம் உண்டு, உதவித்தொகை உண்டு, செப்டம்பரில் வா. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் தண்டவாளத்தோரம் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரை, என்னை, மெல்ல நகரத் தொடங்கிய பிளாட்பாரத்தை எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. இறங்க வேண்டிய ராயபுரத்தைத் தாண்டிப்போய், கடற்கரை நிலையத்தில் இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். இத்தனை மாதம் பொய்யாக நடந்த தெரு வழியாக அன்றைக்கு உண்மையாக நடந்தேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் போன வருஷமே கிடைத்துவிட்டதே.

அம்மா அடுப்பில் மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள். தவக்கால நோன்பு வெள்ளி, எங்கள் வீட்டில் மீன் கிடையாது.

"கெடச்சிடுச்சிம்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். என் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள், குழம்பு என் தோளில் சொட்டியது. கொஞ்ச நேரம் இருவரும் உளறிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் நிதானமாகி, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மீனு கரைக்கு வந்துடுச்சி. இப்ப சொல்லு. போனாகண்டி ரெண்டு வருசத்துல எந்த மாசம் திரும்புவ?"

"ரெண்டு இல்லம்மா. அஞ்சு வருஷம்."

"அஞ்சா?"

"இந்தப் படிப்பே அவ்வளவும்மா. அதத்தான் சொல்ல வந்தேன், நீதான் விடல."

"நடுவுல வருவல்ல? கிறிஸ்மஸுக்கு?"

"எல்லா வருஷமும் முடியாது. ஒரு தபா வருவேன். முடிஞ்சா ரெண்டு தபா."

அம்மா எழுந்து அடுப்பைச் சின்னதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அப்பாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கும் அவள் இப்படித்தான் அடுப்பு முன்னால் நின்றாள்.

"வேணாம்னு சொல்லும்மா. இன்னும் நேரமிருக்கு. வரலன்னு எழுதிடறேன்" என்றேன். அந்த நிமிஷத்தில் மனசாரச் சொன்னேன். அவள் சரி என்றிருந்தால் நிச்சயம் எழுதியிருப்பேன், எழுதிவிட்டு ஆயுசுக்கும் அவளை மன்னித்திருக்க மாட்டேன். இரண்டும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அம்மா திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் உளறல் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது.

"இன்னாக்கா, பேப்பர்லாம் வந்துடுச்சா? அப்பால இன்னா, ரெண்டு வருசந்தானே. கண்ண மூடித் தொறந்தா ஓடிப்பூடும்" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். வாசல் பக்கம் திரும்பியபோது அவள் முகம் மீன் கடையில் கூவும் முகமாக இருந்தது.

"ரெண்டு இல்லடி, அஞ்சு! நானு ரெண்டு வருசத்துக்குத்தான் நன்றி சொன்னேன். மாதா மூணு வருசம் கொசுறு போட்டுக் குட்த்துட்டா" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த அக்காவும் சிரித்துவிட்டுப் போனாள். அவள் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா அழுதாள்.